காரில் எஸ்ஓஎஸ் பட்டன்: அடிபட்ட பிறகு அது யாரைக் கூப்பிடுகிறது?

2 நவம்பர் 2025, வாசகர் கேள்வி

அப்பாவுக்குப் புது கார் பார்க்கிறோம். வாரக் கடைசியில் கோவையிலிருந்து சேலத்துக்குத் தனியாகத்தான் ஓட்டிப் போவார், பெரும்பாலும் ராத்திரியில். நடு வேரியன்ட்டுக்கும் டாப் வேரியன்ட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் வித்தியாசம். ஷோரூமில் கேட்டால், "டாப்புல எஸ்ஓஎஸ் இருக்குங்க சார், ஆக்சிடென்ட் ஆனா காரே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுரும்" என்கிறார்கள். பட்டறை வைத்திருக்கும் அண்ணன் யாராவது உண்மையைச் சொல்லுங்கள். இது வேலை செய்யுமா, சும்மா விற்பனைப் பேச்சா?

2 நவம்பர், இரவு

வேலை செய்யும். ஆனால் கார் ஆம்புலன்ஸைக் கூப்பிடும் என்பது பாதிதான் நிஜம். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான கார்களில் அந்த அழைப்பு போவது கம்பெனியின் கால் சென்டருக்கு. அங்கே இருப்பவர் காருக்குள் பேசிப் பார்ப்பார், பதில் இல்லையென்றால் நீங்கள் எழுதிக் கொடுத்த நம்பருக்குப் பேசுவார், அப்புறம்தான் ஆம்புலன்ஸ். அந்தப் பட்டனுக்காக மட்டும் ஒரு லட்சம் என்றால் வேண்டாம். மேல் வேரியன்ட்டில் ஏர்பேக் அதிகம், வண்டி வழுக்காமல் பிடிக்கும் இஎஸ்சி உண்டு என்றால் வாங்கலாம், அது வேறு கணக்கு.

ஷோரூமில் ஒன்று கேளுங்கள்: இந்தச் சேவைக்கு இலவசச் சந்தா எத்தனை வருஷம், முடிந்தால் எஸ்ஓஎஸ்ஸும் சேர்ந்து நின்றுபோகுமா? பதில் சொல்லத் திணறுவார்கள், பாருங்கள்.

4 நவம்பர்

"கார் எப்படித்தான் தெரிந்துகொள்கிறது" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இது என் தொழில். பெருந்துறைப் பக்கம் பைபாஸ் ஓரமாக டிங்கரிங் பட்டறை. அடிபட்ட வண்டிகள்தான் என் சோறு.

கியர் லிவருக்கு முன்னால், கன்சோலைக் கழற்றினால், தரையோடு போல்ட் போட்டு இறுக்கி ஒரு சின்ன அலுமினியப் பெட்டி இருக்கும். அதன் மேல் ஓர் அம்புக்குறி ஒட்டியிருக்கும், வண்டியின் மூக்கைப் பார்த்தபடி. அதுதான் ஏர்பேக் மாட்யூல். அம்புக்குறி எதற்கென்றால், பெட்டியைத் திருப்பி மாட்டினால் முன்னால் வாங்கிய அடியைப் பின்னால் வாங்கியதாக எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து கிளம்பும் வயர்களின் கனெக்டர் எல்லாம் மஞ்சள் நிறம். பட்டறைப் பையனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இதுதான்: மஞ்சளைத் தொடாதே.

அடி விழுந்ததும் முன் பம்பர் பக்கம், கதவுத் தூண் பக்கம் இருக்கும் சென்சார்களும் இந்தப் பெட்டிக்குள்ளே இருக்கும் சென்சாரும் சேர்ந்து, இது பள்ளமா மோதலா என்று முடிவு செய்கின்றன. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஏர்பேக் வெடித்துவிடும். அதே சமயம் இந்தப் பெட்டி மற்ற பெட்டிகளுக்கும் சொல்லிவிடும்: பெட்ரோல் பம்பை நிறுத்து, கதவு லாக்கைத் திற, நாலு இண்டிகேட்டரையும் போடு. எஸ்ஓஎஸ் இருக்கும் வண்டியென்றால் அந்தப் பெட்டிக்கும் ஒரு தகவல் போகும்.

இதில் கடைசியைத்தான் விளம்பரத்தில் காட்டுகிறார்கள். உயிர் காப்பதில் முதல் மூன்றும் அதற்குச் சளைத்தவை அல்ல. கதவு லாக் திறப்பதைப் பாருங்கள். நம் கார்கள் கொஞ்சம் வேகம் எடுத்ததும் தானாக லாக் ஆகிவிடும். அடிபட்ட வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று கதவை இழுக்கும்போது, நெளிந்த கதவா லாக் ஆன கதவா என்று வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. லாக் திறந்திருந்தால் நாலு கதவில் ஏதாவது ஒன்று வந்துவிடும். 2019 ஜூலை முதல் நம் நாட்டில் எல்லாப் புதுக் கார்களிலும் கரண்ட் போனாலும் கையால் லாக் திறக்க வழி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது உள்ளே இருப்பவருக்குத்தான். மோதினால் தானாகத் திறப்பது வேரியன்ட்டைப் பொறுத்தது. பிரோஷரில் "இம்பாக்ட் சென்சிங் டோர் அன்லாக்" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைத் தேடிப் பாருங்கள் தம்பி, எஸ்ஓஎஸ்ஸை அப்புறம் பார்க்கலாம்.

4 நவம்பர், இரவு

"வெளிநாட்டில் எல்லாம் அரசாங்கமே செய்கிறது" என்று எழுதியவருக்கு. ஆமாம், ஐரோப்பாவில் ஈகால் என்று ஒன்று. 2018 மார்ச் 31-க்கு மேல் அங்கே அனுமதி வாங்கும் புது மாடல் கார் எல்லாவற்றிலும் கட்டாயம். சந்தா கிடையாது, கால் சென்டர் கிடையாது, நேராக அங்கே அவசர எண்ணான 112. பேச்சோடு சேர்த்து 140 பைட் தகவலும் போகும், ஒரு பழைய எஸ்எம்எஸ் கொள்ளும் அளவு. அதற்குள் வண்டி எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது, சேஸிஸ் நம்பர், பெட்ரோலா டீசலா மின்சாரமா, தானாகக் கூப்பிட்டதா கையால் அழுத்தியதா எல்லாம் அடக்கம். எத்தனை பேர் பெல்ட் போட்டிருந்தார்கள் என்பதையும் விரும்பினால் சேர்க்கலாம்.

திசை எதற்கு என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. நடுவில் தடுப்பு வைத்த நாற்கர சாலையை நினைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் வந்தால் ஆம்புலன்ஸ் அடுத்த யு-டர்ன் வரை போய்ச் சுற்றி வரவேண்டும். சங்ககிரி பக்கம் இது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது.

மற்ற நேரத்தில் அந்த ஈகால் பெட்டி தூங்கும், மோதினால் மட்டும்தான் நெட்வொர்க்கில் சேரும். அதனால் வண்டியைப் பின்தொடர முடியாது. அங்கேயும் ஒரு தலைவலி உண்டு. அது பழைய 2ஜி, 3ஜி குரல் அழைப்பை நம்பிக் கட்டப்பட்டது, அந்த நெட்வொர்க்குகளை இப்போது ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். 2026 ஜனவரியிலிருந்து புது மாடல்களுக்கு 4ஜி வகை வரவேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஓடும் வண்டிகளில் நெட்வொர்க் போனால் பெட்டி இருந்தும் ஊமைதான்.

7 நவம்பர்

நம் ஊரிலும் ஒரு காலத்தில் நேராக 108-ஐ டயல் செய்த கார் இருந்தது, தெரியுமா? 2013-ல் வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட். மறைமலைநகரில் செய்த வண்டி. ஏர்பேக் விரிந்தாலோ பெட்ரோல் பம்ப் கட் ஆனாலோ, புளூடூத்தில் இணைத்திருக்கும் உங்கள் போன் வழியாகவே 108-க்கு அடித்துவிடும். தனி சிம் கிடையாது, சந்தாவும் கிடையாது. போன் உடைந்தால் கதை முடிந்தது, அது பெரிய ஓட்டைதான். இருந்தாலும் யோசனை நேர்மையானது: அழைப்பு போகவேண்டிய இடத்துக்குப் போனது. இடையில் யாரும் இல்லை.

அதற்கப்புறம் வந்த, நெட்டோடு இணைந்த கனெக்டட் கார்களில் தனி இ-சிம், ஆப், வண்டி எங்கே நிற்கிறது என்று மனைவிக்குக் காட்டும் வசதி எல்லாம் வந்தன, அழைப்பு மட்டும் கால் சென்டர் வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கியது. இது முன்னேற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. கம்பெனிக்காரர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள்: பொய் அழைப்பு வடிகட்டப்படும், 108-க்குத் தொல்லை இல்லை. அதையும் ஒதுக்க முடியாது, நாளை எழுதுகிறேன்.

8 நவம்பர்

பொய் அழைப்பு. 2022-ல் ஐபோன் 14 வந்தபோது மோதலைக் கண்டுபிடிக்கும் வசதியைப் போட்டார்கள். மோதல் என்று பட்டால் திரையில் காட்டும், சத்தம் போடும், 20 விநாடிக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அவசர எண்ணுக்கு அடித்துவிடும். அமெரிக்காவில் பனிச்சறுக்கு ஆடியவர்களின் போனும் ரோலர் கோஸ்டரில் போனவர்களின் போனும் சட்டைப்பையிலிருந்தே கூப்பிட்டு, அங்கே 911-ல் இருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிறகு சாஃப்ட்வேரை மாற்றினார்கள்.

நம் ஊர் வேகத்தடையில் இது தாங்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாங்கும். எங்கள் ஊர் வேகத்தடையைத் தாண்டும்போது எனக்குத்தான் இடுப்பு தாங்குவதில்லை.

காரில் கட்டிய பெட்டிக்கு இந்தக் குழப்பம் குறைவு. ஏர்பேக் விரிந்தால்தான் பெரும்பாலும் கூப்பிடும், ஏர்பேக் சும்மா விரியாது. அதனால் கால் சென்டர் வடிகட்டுகிறது என்ற வாதம் பட்டனைக் கையால் அழுத்தும் அழைப்புக்குப் பொருந்தும், தானாகப் போகும் அழைப்புக்கு அவ்வளவாகப் பொருந்தாது. குழந்தைகள் கூரையில் இருக்கும் பட்டனை அழுத்தி விளையாடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

13 நவம்பர்

ஒரு கதை. சிரிப்புக் கதைதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, கம்பெனி பெயர் வேண்டாம். நள்ளிரவு தாண்டி சங்ககிரி பக்கம் தடுப்பில் ஏறிக் கவிழ்ந்தது. ஏர்பேக் எல்லாம் விரிந்தது. ஆள் கண்ணாடி வழியாகத் தவழ்ந்து வெளியே வந்து சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். வண்டி தன் கடமையைச் செய்தது, கால் சென்டரைக் கூப்பிட்டது. அவர்கள் ஸ்பீக்கரில் "சார், சார்" என்றிருக்கிறார்கள், காலி வண்டி எங்கே பதில் சொல்லும்? உடனே பதிவில் இருந்த அவசர நம்பருக்கு அடித்தார்கள். அது முதல் ஓனருடைய நம்பர். ஈரோட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனுஷன் எழுந்து, "உங்க கார் ஆக்சிடென்ட் ஆயிருக்குங்க" என்று கேட்டதும் ஜன்னலைத் திறந்து பார்த்தால், அவருடைய கார் போர்டிகோவில் ஜம்மென்று நிற்கிறது. "என் கார் இங்கதான்யா நிக்குது" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அதற்குள் லாரிக்காரர்கள் 108-ஐக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸும் வந்துவிட்டது.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஆர்சி மாற்றுவீர்கள், இன்ஷூரன்ஸ் மாற்றுவீர்கள். ஆப் கணக்கை யார் மாற்றுகிறார்கள்?

16 நவம்பர்

முதலில் "அந்தப் பட்டனுக்காக மட்டும் என்றால் வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். அதை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை, ஆனால் அந்தத் தம்பியின் அப்பா ராத்திரியில் தனியாக ஓட்டுகிறவர் என்பதை இப்போதுதான் நிதானமாக யோசித்தேன்.

நம் சாலைகளில் பகலில் அடிபட்டால் உதவி கேட்க எந்திரம் தேவையில்லை. வண்டி நிற்பதற்குள் கூட்டம் கூடிவிடும், பத்து போன் 108-க்குப் போகும். 2008-லிருந்து அந்த நம்பர் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். முன்பு போலீஸ் கேஸுக்குப் பயந்து ஒதுங்கினார்கள், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ சேர்த்த பிறகு உதவி செய்தவரை வழக்கில் இழுக்க முடியாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு நம்மைக் காக்கும் 48 கொண்டுவந்து, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு யார் கொடுப்பது என்ற கேள்வியையும் எடுத்துவிட்டது. 2025-ல் மத்திய அரசும் ஏழு நாளைக்கு ஒன்றரை லட்சம் வரை என்று ஒரு திட்டம் போட்டிருக்கிறது.

ஆனால் யாரும் பார்க்காத விபத்து என்று ஒன்று இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் ஓரமாக ஒருவர் தூக்கக் கலக்கத்தில் ரோட்டை விட்டு இறங்கி, சீமைக்கருவேலம் புதருக்குள் மூக்குக் குத்தி நின்ற வண்டி என் பட்டறைக்கு வந்தது. டயர் தடம்கூட மண்ணில் சரியாக விழவில்லை. விடிகாலையில் பால் ஊற்றப் போனவர் ஹசார்டு விளக்கு மங்கலாக மின்னுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். கால் எலும்பு முறிந்து ராத்திரி முழுக்க உள்ளேயே இருந்திருக்கிறார். போன் காலுக்கடியில் எங்கோ விழுந்து அடித்துக்கொண்டே இருந்ததாம், எடுக்க முடியவில்லை. அந்த வண்டியில் எஸ்ஓஎஸ் கிடையாது. கால் சென்டரோ யாரோ, ஒரு மனிதக் குரல் ஸ்பீக்கரில் வந்திருந்தால் போதும்.

ஆகவே தம்பி, ராத்திரி, தனி ஆள் என்றால் கணக்கு மாறுகிறது. வாங்கலாம் என்றுதான் இப்போது சாய்கிறேன். சந்தா புதுப்பிக்க ஒத்துக்கொண்டால் மட்டும். கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி ஏறும் இடங்களில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் இருக்கும், அங்கே இதை நம்ப வேண்டாம்.

19 நவம்பர்

சீட் பெல்ட் கிளிப் பற்றி ஒருவர் அப்பாவியாகக் கேட்டிருக்கிறார், "பீப் சத்தம் நிற்க மாட்டிக்கொண்டால் எஸ்ஓஎஸ்ஸுக்கு என்ன பாதிப்பு?"

அந்தக் கிளிப்பை பக்கிளில் செருகினால் பெல்ட் போட்டிருக்கிறார் என்று கார் நம்பும். ஏர்பேக் மாட்யூலும் அதையே நம்பும். பெல்ட் போடாத உடம்பு முன்னால் பாயும், ஏர்பேக் தன் வேகத்தில் எதிரே வரும். அதோடு முடியவில்லை. ஜப்பானில் டி-கால் நெட் என்று ஒரு ஏற்பாடு, 2015-ல் சோதனையாக ஆரம்பித்து 2018-ல் முழுசாக வந்தது. மோதலில் வேகம் எவ்வளவு சட்டென்று குறைந்தது, எந்தப் பக்கம் அடி, ஒரு மோதலா பல மோதலா, பெல்ட் போட்டிருந்தாரா என்பதையெல்லாம் கார் அனுப்பும். அவர்களிடம் இருக்கும் சுமார் 28 லட்சம் பழைய விபத்துப் பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கில், உள்ளே இருப்பவருக்குப் பலத்த காயம் இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று உடனே வந்துவிடும். அதைப் பார்த்து டாக்டரை ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர் கிளம்பலாமா என்று ஆஸ்பத்திரி முடிவெடுக்கும், சம்பவ இடத்துக்கு ஆள் போய்ப் பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்காமல்.

அந்தக் கணக்கில் பெல்ட் ஒரு முக்கியமான புள்ளி. நாற்பது ரூபாய் கிளிப் அதைப் பொய்யாக்கும். நமக்கு ஹெலிகாப்டர் வரப்போவதில்லை என்பீர்கள், சரி. 2023-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளில் இந்தக் கிளிப்பை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ரோட்டோர ஆக்சஸரீஸ் கடையில் இன்னும் தொங்குகிறது. என் பட்டறைக்கு அடிபட்டு வரும் வண்டிகளில் பக்கிளில் செருகியபடியே வருகிறது. நான் எதுவும் பேசாமல் எடுத்து டேஷ்போர்டில் வைத்துவிடுவேன்.

24 நவம்பர்

மழை, பட்டறையில் வேலை இல்லை. மெயின் விஷயத்துக்கு வருகிறேன். யார் கூப்பிடுவது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம், வந்தவர் என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை.

என்னிடம் வரும் வண்டிகளைப் பார்த்தாலே எப்படி ஆளை எடுத்தார்கள் என்று தெரியும். கடப்பாறைத் தடம் இருக்கும். ஜேசிபி பல் பட்ட தடம் இருக்கும். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக் கிழிந்த தூண் இருக்கும். தீயணைப்புத் துறையினர் ஹைட்ராலிக் கட்டரில் வெட்டியது தனியாகத் தெரியும், சுத்தமான வாய். குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் கையில் கிடைப்பதுதான் ஆயுதம். ஆனால் ஒருமுறை வெட்டிய கூரைத் தூணின் உள்பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜன்னலை மறைத்து விரியும் கர்ட்டன் ஏர்பேக்கின் கேஸ் சிலிண்டர், என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், ஒரு சாண் நீளம், வெடிக்காமல் அப்படியே இருந்தது. வெட்டு அதற்கு நாலு விரல்கடை தள்ளி விழுந்திருந்தது. அந்தச் சிலிண்டரை வெட்டியிருந்தால் வெட்டியவர் கதி என்ன?

வெளிநாட்டு மீட்புப் பயிற்சியில் இதற்காகவே ஒரு விதி, உள்பக்க டிரிம்மைப் பிரித்துப் பார்க்காமல் தூணில் கட்டரை வைக்காதே என்று. இன்னொன்று 5-10-20: விரியாத பக்கவாட்டு ஏர்பேக்கிலிருந்து 5 அங்குலம், ஸ்டீயரிங்கிலிருந்து 10, முன்பக்கப் பயணி ஏர்பேக்கிலிருந்து 20 அங்குலம் தள்ளியே உடம்பை வை. பேட்டரியைக் கழற்றிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம், மாட்யூலுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சில நிமிடங்களுக்குச் சார்ஜ் வைத்திருக்கும். நாங்களே பட்டறையில் நெகட்டிவைக் கழற்றி டீ குடித்துவிட்டு வந்துதான் மஞ்சள் கனெக்டரைத் தொடுவோம். மீட்பவர்கள் இன்னொன்றும் பார்ப்பார்கள்: பவர் சீட் இருந்தால் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சீட்டைப் பின்னால் தள்ளிவிட வேண்டும், கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். கரண்ட் போன பிறகு எதுவும் அசையாது.

சரி, எந்த மாடலில் சிலிண்டர் எங்கே, பேட்டரி எங்கே என்று தெரிவது எப்படி? இதற்குத்தான் ரெஸ்க்யூ ஷீட். வண்டியை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரைந்து, ஏர்பேக், கேஸ் சிலிண்டர், பேட்டரி, எங்கே வெட்டவே முடியாத கனமான இரும்பு இருக்கிறது எல்லாவற்றையும் ஒரு ஏ4 தாளில் குறித்திருப்பார்கள். ஐஎஸ்ஓ 17840 என்று தரமே இருக்கிறது. ஜெர்மனியில் அந்தத் தாளை டிரைவர் பக்கம் வெயில் மறைப்புக்குப் பின்னால் செருகி வைக்கச் சொல்கிறார்கள். மெர்சிடிஸ் 2013-ல் பெட்ரோல் மூடிக்குள்ளும் எதிர்ப்பக்கக் கதவுத் தூணிலும் க்யூஆர் ஒட்டத் தொடங்கியது, ஸ்கேன் செய்தால் அந்த வண்டியின் படம் வரும். மற்றவர்களும் செய்யட்டும் என்று காப்புரிமை கோராமல் விட்டார்கள். கார்களை மோதவிட்டுச் சோதித்து ஸ்டார் கொடுக்கும் ஐரோப்பிய என்கேப் 2020-ல் தீயணைப்பாளர் சங்கத்தோடு சேர்ந்து யூரோ ரெஸ்க்யூ என்ற ஆப்பே வெளியிட்டது, நெட் இல்லாமலும் திறக்கும்.

இதில் சிப் கிடையாது, சிம் கிடையாது. ஒரு ஸ்டிக்கர். நம் ஊர்க் கார்களில் ஸ்டார் ரேட்டிங்குக்கு க்யூஆர் ஒட்டத் தெரிகிறது, இதற்கு ஒட்டத் தெரியவில்லை. எஸ்ஓஎஸ் பெட்டிக்குச் செலவழிப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது, இதைத்தான் முதலில் கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.

24 நவம்பர், கொஞ்சம் கழித்து

"எரிபொருள் ஸ்டிக்கர் ஏற்கெனவே இருக்கிறதே" என்று ஒருவர். இருக்கிறது. ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட்டோடு வரும், முன் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர். டீசலுக்கு ஆரஞ்சு. பெட்ரோலுக்கு வெளிர் நீலம். சிஎன்ஜிக்கு? அதற்கும் வெளிர் நீலம்! மாசுக் கணக்குக்காகப் போட்ட நிறம், மீட்பவருக்காகப் போட்டதில்லை. டிக்கியில் சிலிண்டர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வெட்டப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது, அதை மட்டும் அந்த நிறம் சொல்லாது. அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எரிபொருள் காட்டும், வெளியில் கேஸ் கிட் போட்டு ஆர்சியில் ஏற்றாத வண்டிக்கு அதுவும் காட்டாது. கண்ணாடி தூள் தூளாகிக் கிடக்கும்போது ஸ்டிக்கரை எங்கே தேடுவது என்பது வேறு.

29 நவம்பர்

மின்சாரக் கார் கேள்விகள் குவிந்துவிட்டன. சுருக்கமாக.

பச்சை நம்பர் பிளேட். நம் நாட்டில் உருப்படியாகச் செய்த ஒன்று இது. தூரத்திலிருந்தே மின்சார வண்டி என்று தெரியும்.

தண்ணீரில் நிற்கும் காரைத் தொட்டால் ஷாக் அடிக்குமா: பெரிய பேட்டரியின் இரண்டு முனையும் பாடியோடு சேராமல் தனியாக இருக்கும், அதனால் பாடியைத் தொட்டதும் ஷாக் அடிப்பது போன்ற அமைப்பு கிடையாது. ஏர்பேக் விரியும் மோதலில் பேட்டரி தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு, பல வண்டிகளில் சின்ன வெடி மருந்து வைத்த ஃப்யூஸ். ஆரஞ்சு வயரை மட்டும் யாரும் தொட வேண்டாம். வெட்டவே வேண்டாம்.

தீப்பிடித்தால் கதை வேறு. டெஸ்லாவின் மீட்புக் கையேடே 3,000 முதல் 8,000 கேலன் தண்ணீர் தேவைப்படலாம் என்கிறது. லிட்டரில் சொன்னால் பதினோராயிரத்திலிருந்து முப்பதாயிரம். நம் தீயணைப்பு வண்டி ஒன்றில் சில ஆயிரம் லிட்டர்தான். அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றும், அதனால் பட்டறைக்குள் மற்ற வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. நான் வெளியே வேலி ஓரமாக நிறுத்துகிறேன், வீட்டில் திட்டுகிறார்கள், மாடு அந்தப் பக்கம்தான் மேயுமாம்.

சத்தமில்லாமல் நிற்கும், ஆஃப் ஆனதா என்றே தெரியாது. ஆகவே முதலில் சக்கரத்துக்குக் கல் வை, சாவியை எடுத்துக்கொண்டு தூரப் போ. சாவி பக்கத்தில் இருந்தால் யாராவது கைபட்டு ஸ்டார்ட் ஆகிவிடும்.

கதவோடு மடங்கிப் போகும் கைப்பிடி: எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கதவு, விளக்குக்கான சின்ன பேட்டரி செத்தால் வெளியே இழுக்க ஒன்றும் இருக்காது. அமெரிக்காவில் டெஸ்லா மாடல் ஒய் கதவுகளைப் பற்றி 2025 செப்டம்பரில் விசாரணை ஆரம்பித்தார்கள், சீனாவும் அந்த வருஷமே விதிக்கு வரைவு வெளியிட்டது. அழகாக இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் உள்ளே கையால் திறக்கும் லிவர் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள், பின் சீட்டில் சில வண்டிகளில் அது மேட் விரிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

3 டிசம்பர்

"காருக்கு இவ்வளவு பேசுகிறீர்களே, சாகிறவர்கள் எல்லாம் பைக்கில்தானே" என்று காட்டமாக ஒருவர். சரியான அடி. 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் நம் மாநிலம்தான் முதலிடம், 64,105. இங்கே நாம் பேசிய எந்தப் பெட்டியும் பைக்கில் கிடையாது. சில விலை உயர்ந்த வெளிநாட்டு பைக்குகளில் எஸ்ஓஎஸ் உண்டு, அந்த விலைக்கு இரண்டு கார் வாங்கலாம். கார்க்காரன் பைக்கை இடித்தால் ஏர்பேக் பெரும்பாலும் விரியாது, கார் யாரையும் கூப்பிடாது. அப்போது பட்டனை நீங்கள்தான் அழுத்த வேண்டும், அடுத்தவருக்காக. அதற்கும் அந்தப் பட்டன் உதவும் என்று எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை.

9 டிசம்பர்

கேள்வி கேட்ட தம்பி டாப் வேரியன்ட்டே புக் செய்துவிட்டதாக எழுதியிருக்கிறார், டெலிவரி அன்று என்ன பார்க்க வேண்டுமாம்.

அவசர நம்பரில் உன் நம்பரைப் போடு, அப்பா நம்பரைப் போடாதே. அவர்தானே உள்ளே இருப்பார். அம்மா ராத்திரி போனை சைலண்ட்டில் வைப்பார் என்றால் அவரையும் போடாதே. ஷோரூம் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டனை ஒருமுறை அழுத்தி, சோதனை என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசிப் பார். யார் எடுக்கிறார்கள், தமிழில் பேசுகிறார்களா என்பதைக் கவனி. அப்பாவுக்கு இந்தி தெரியாது என்றால் தமிழ் வேண்டும் என்று கணக்கில் குறிக்கச் சொல். சந்தா முடியும் தேதியை இன்ஷூரன்ஸ் தேதியோடு சேர்த்து போனில் போட்டுவை.

ரெஸ்க்யூ ஷீட் கிடைக்குமா என்று ஷோரூமில் கேள், கிடைக்காது, இருந்தாலும் கேள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்காவது கம்பெனி யோசிக்கும். ஓனர் மேனுவலில் ஏர்பேக் எங்கெங்கே என்று ஒரு படம் இருக்கும், அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, பேட்டரி எந்தப் பக்கம் என்று பேனாவால் குறித்து, வெயில் மறைப்பில் செருகிவை. ஆக்சஸரீஸ் என்று பெல்ட் கிளிப்பை யாராவது இலவசமாகக் கொடுத்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடு.

9 டிசம்பர், இரவு

ஆமாம், பட்டனுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைத் திறந்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். மூடியின் மேலேயே அழுத்திவிட்டு வேலை செய்யவில்லை என்று வந்தவர்களும் உண்டு. அப்பாவையே ஒருமுறை அழுத்தச் சொல்.